பூவரசு: அதன் இயல்பும் நடவு முறையும்

காவிரிப் பாசன நாட்டில் பூவரசை அறியாதார் ஒருவரும் இலர். வாய்க்கால் கரையிலும், கொல்லைப்புறத்திலும், களத்து மேட்டிலும், மாட்டுத் தொழுவத்தின் ஓரத்திலும் கேட்பாரின்றி வளர்ந்து நிற்கும் மரம் இதுவேயாகும். இதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத சிறுவர் இல்லை. இதன் இலையில் கொழுக்கட்டை வேகவைத்து உண்ணாத குடும்பமும் அரிது. இவ்வளவு நெருங்கிய பழக்கமே இம்மரத்துக்கு ஒரு கேடாய் முடிந்தது எனலாம். எப்படி நட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்னும் எண்ணத்தால், கைக்கு அகப்பட்ட கிளையை வெட்டி ஊன்றி விடுகிறோம். அதுவும் தழைக்கிறது; நிழல் தருகிறது. ஆனால் இருபது முப்பது ஆண்டு சென்றபின் விற்க நேருங்கால், மரத்தரகர் வந்து அடிமரத்தை அரிவாளின் முதுகால் தட்டிப் பார்த்து, ‘உள்ளே பொந்து’ என்று சொல்லி விறகு விலை பேசுகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. அக்கேடு மரத்தின் சாதியைச் சேர்ந்ததா, நாம் நட்ட முறையைச் சேர்ந்ததா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பூவரசு இயல்பில் விறகு மரமன்று. நன்கு முற்றிய பூவரசின் வயிரம் செம்பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை நிறமுடையது, இழை நெருக்கமானது, இழைப்புளிக்கு எளிதில் இணங்கி வழவழப்பாக வருவது, காயும்போது அதிகம் சுருங்காதது, நீரிலும் ஈரத்திலும் விரைவில் கெடாதது. காய்ந்த மரம் கன அடிக்குச் சுமார் 20 முதல் 22 கிலோ எடை நிற்கும். மாட்டு வண்டிக்கு மரச்சக்கரம் பூட்டிய காலத்தில் சக்கர உறுப்புகளுக்குத் தச்சர் நாடிய மரங்களுள் இதுவும் ஒன்று. கட்டில், பெட்டி, நாற்காலி, மேசை ஆகியவற்றுக்கு இன்றும் உபயோகிக்கப்படுகிறது. துப்பாக்கியின் மரப்பிடிக்கும் படகுக்கும்கூட இதனைக் கொண்டதுண்டு. இத்தகைய மரத்தை அடுப்புக்கு அனுப்புவதனால் குடியானவருக்கு உண்டாகும் நஷ்டம் சிறிதன்று.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இதன் இலை அரச இலையைப் போல இதய வடிவாய், நுனி நீண்டு இருக்கிறது. அரச மரத்தின் பூவோ காய்போன்ற ஓர் உறைக்குள் மறைந்திருத்தலின் கண்ணுக்குப் புலனாவதில்லை. இம்மரம் யாவரும் காணப் பூக்கிறது. ஆதலின் ‘பூக்கும் அரசு’ என்னும் பொருளில் பூவரசு என்றாயிற்று என்பர் சிலர். பூக்களுக்கு அரசு என்று கொள்வாரும் உளர். ஆங்கிலேயர் இதனைப் ‘போர்ஷியா’ மரம் என்றது நம் தமிழ்ப் பெயரின் சிதைவே என்று 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொல்லகராதி கூறுகிறது. தாவர நூலார் இதற்கு வழங்கும் பெயர் தெஸ்பீசியா பாபுல்னியா என்பதாகும். சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதனைச் செம்பருத்தி இனத்தோடு சேர்த்து வைத்தார். பின்னர், கப்பல் தலைவர் குக்குடன் பசிபிக் கடலில் சென்ற சோலண்டர் என்பவர், தாகித்தித் தீவில் வழிபாட்டிடங்களைச் சூழ இம்மரம் நிற்பக் கண்டு, தெய்விகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் புதுப் பெயர் இட்டார். அப்பெயர் 1807ஆம் ஆண்டில் அச்சேறியது. அத்தீவினர் இதனை மீரோ என்பர். ஹவாய்த் தீவினர் மீலோ என்பர். உணவுக்குத் தன் வாசனையை ஏற்றாத மரம் இது என்பதனால், ஹவாய் மக்கள் இதில் உண்கலங்கள் கடைந்து வைத்துக்கொண்டனர். நாம் தொழுவத்தின் முளைக்குச்சியாக நினைக்கும் மரம் கடலுக்கு அப்பால் கோயில் மரமாகவும் உண்கலமாகவும் மதிக்கப்பெற்றது.

இனி, மரத்தின் உறுப்புகளைக் காண்போம். இவற்றைச் சற்றுப் பொறுமையோடு அறிந்துகொள்வது வீண் அன்று. நடவு முறையும், பூச்சிப் பகையும், உப்பு நிலத்துக்கு இது ஏற்றதாதலும் ஆகிய யாவும் இவ்வுறுப்புகளின் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

பூவரசு சாதாரணமாக 20 முதல் 35 அடி உயரம் வளர்வது. நல்ல நிலத்தில் அதற்கு மேலும் உயர்வதுண்டு. ஆண்டு முழுதும் பச்சையாய் இருக்கும். இளந்தளிரும் காம்பும் நுண்ணிய பழுப்புச் செதில்களால் மூடப்பட்டிருக்கும். விரலால் தேய்த்தால் அவை உதிரும். இலையைத் திருப்பி, காம்பு சேருமிடத்தில் நடு நரம்பின் அடியைப் பார்த்தால் ஒரு சிறு கீறல்போன்ற சுரப்பி தெரியும். அதில் இனிப்பு நீர் கசிவதனால்தான் பூவரச இலையில் எறும்புகள் எப்பொழுதும் திரிகின்றன.

பூ இரண்டு மூன்று அங்குல அகலமுள்ளது, மணி வடிவானது, ஐந்து இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று திருகினாற்போல் அடுக்கப்பெற்றிருக்கும். விரியும்போது வெளிர் மஞ்சளாயும், உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டு உடையதாயும் இருக்கும். பொழுது சாயச் சாய மஞ்சள் மங்கி, ஊதா கலந்த சிவப்பாக மாறும். அதனால் ஒரே மரத்தில் மஞ்சள் பூவும் சிவந்த பூவும் ஒருங்கே காணப்படும். இவை இரு வகைப் பூக்கள் என்று நினைப்பார் உண்டு, அது தவறு. இன்று விரிந்ததும் நேற்று விரிந்ததுமே அவ்வாறு தோன்றுகின்றன.

இப்பூவைச் செம்பருத்திப் பூவோடும் பருத்திப் பூவோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் மகரந்தத் தாள்கள் ஒன்றாய்க் கூடி நடுவில் ஒரு குழலாய் நிற்கின்றன. ஆனால் செம்பருத்தியில் அக்குழலின் நுனிக்கு மேல் சூல்தண்டு ஐந்து கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு குண்டூசித் தலைபோல் முடிகிறது. பூவரசில் அவ்வாறு பிரியாமல் கதாயுதம் போன்ற ஒரே தண்டாய் முடிகிறது. பருத்தியிலும் அப்படியே. இதனாலும் பிற காரணங்களாலும் நம் மரம் செம்பருத்தியைவிடப் பருத்திக்கே நெருங்கிய உறவு என்று அறிஞர் முடிவு செய்தனர். பருத்திக் கொட்டையில் உள்ள காசிப்பால் என்னும் மஞ்சள் நிற நஞ்சுப்பொருள் பூவரசிலும் உண்டு. இந்த உறவினால் ஒரு தொல்லையும் உளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பருத்தியினின்று பூவரசு வேறுபடும் இடம் காயில் இருக்கிறது. பருத்திக்காய் முற்றியதும் வெடித்து மலரும். பூவரசங்காய் வெடிப்பதில்லை. ஒன்று முதல் ஒன்றரை அங்குலக் குறுக்களவுள்ள அவ்வுருண்டைக் காய், பசுமையாய் இருக்கும்போது கீறினால் மஞ்சள் பால் வடியும். முற்றியபின் கருகி உலர்ந்து, தோல் போன்ற ஓட்டோடு நெடுநாள் கிளையிலேயே தொங்கும். விதைகள் சுமார் அரை அங்குல நீளமும், கோணலான வடிவும், நுண்மயிரும், கடினமான தோலும் உடையன. இவை நீரில் மிதக்கும். கடல் நீரில் பல மாதங்கள் கிடந்தும் முளைக்கும் திறனை இழவாமல் இருக்கும். ஆப்பிரிக்கக் கரை தொடங்கி இந்தியா, இலங்கை, மலேயா வழியாகப் பசிபிக் தீவுகள் வரை வெப்பக் கடற்கரைகளில் இம்மரம் பரவியிருப்பதற்கு அலைகள் சுமந்து சென்ற விதைகளும், கப்பலேறிச் சென்ற மனிதரும் காரணமாவர். இம்மரம் கடற்கரைக்கே உரிய மரம். உள்நாட்டு வாய்க்கால் கரைகளுக்கு நம்மவரே கொண்டு சேர்த்தனர்.

வெடியாத காயும் கடினமான விதைத்தோலும் உடையதாதலால், விதை கீழே விழுந்தவுடன் முளைத்து வரக் காண்பது அரிது. ஆகவே நம் முன்னோர் விதையை நாடாமல், கிளையை வெட்டி ஊன்றும் எளிய வழியை மேற்கொண்டனர். அவ்வாறு ஊன்றும் கிளையைத் தஞ்சைப் பக்கத்தில் போத்து என்கிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழர் கதியால் என்பர். மணிக்கட்டுப் பருமனும் ஐந்தாறு அடி நீளமும் உள்ள போத்தை மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றி, மேல் முனையில் சாணத்தை அப்பிவிட்டால், சில வாரங்களில் துளிர்க்கும். துளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வருவதால் காவலும் வேண்டுவதில்லை. வேலிக்கும், தொழுவத்து நிழலுக்கும் இதைவிடச் சிறந்த முறை இல்லை என்பதில் ஐயமில்லை.

ஆனால் பலகைக்கு மரம் வேண்டுவோர் போத்து நடலாகாது. இதற்குக் காரணங்கள் தெளிவானவை. போத்தின் அடிமுனை வெட்டுப்பட்ட புண்ணாகும். அதன் ஓரத்திலிருந்து வேர் புறப்படுமேயன்றி, நடுவிலுள்ள பழைய கட்டை மூடிக்கொள்வதில்லை. ஈர மண்ணில் கிடக்கும் அவ்விடத்தில் பூசணம் பிடித்து, நெட்டியின் வழியே அழுகல் மேலேறுகிறது. மேல் முனையும் அவ்வாறே வெட்டுப்பட்டது. சாணம் உலர்ந்து உதிர்ந்தபின் மழைநீர் அதன் வழியாய் உள்ளிறங்கும். வெளியே புதுக்கட்டை ஆண்டுதோறும் சுற்றி வளர்ந்து மரம் பருத்துக் காண்கிறது. உள்ளேயோ, முதலில் நட்ட குச்சி மக்கி, அவ்விடம் பொந்தாகிறது. தரகர் தட்டும்போது ஒலிப்பது அந்தக் குச்சி இருந்த வெற்றிடமே.

அன்றியும், போத்து என்பது பக்கக் கிளை. நேரே மேல்நோக்கிச் செல்லும் இயல்பு அதற்குக் குறைவு. அதன் தலையில் நாலைந்து துளிர்கள் ஒருங்கே கிளம்பி எல்லாம் கிளைகளாகி விடும். எனவே ஐந்தடிக்கு மேல் அடிமரம் என்பதே இராது. அந்த ஐந்தடியும் கணுவும் கோணலுமாய் இருக்கும். வாள்பட்டறையில் அதனின்று கிடைக்கும் பலகை மிகச் சொற்பம். மேலும் போத்துக்கு ஆணிவேர் இல்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. அக்காற்று வீசும் நாட்டில் மரம் வைப்போர் வேரைப் பற்றி முதலில் எண்ணவேண்டும். விதையிலிருந்து வந்த கன்று ஆணிவேருடன் பிறக்கிறது. இளமையில் பைக்குள் வேர் சுருண்டு கெடாதபடி பார்த்துக்கொண்டால் அவ்வேர் நிலைக்கும்.

விதை மரமே நல்ல மரம் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு மரங்களைப் பற்றி எழுதியோரும், போத்து மரம் விரைவில் வளர்ந்தாலும் கோணலும் பொந்தும் உடையதாகும் என்று குறித்திருக்கின்றனர். தச்சர்கள் தந்தை வழியாய் அறிந்ததும் அதுவே. அறிந்தும் செய்யாதிருப்பதற்குக் காரணம், விதைக்கன்றை முதல் இரண்டு ஆண்டு ஆட்டிடமிருந்து காக்கவேண்டியிருப்பது ஒன்றேயாகும்.

விதையிலிருந்து கன்று வளர்க்கும் முறை வருமாறு. நேரான அடிமரமும் பரந்த தலையும் உடைய மரம் ஊரில் ஒன்றிரண்டாவது இருக்கும்; அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, கருகி உலர்ந்த காய்களையே பறிக்கவேண்டும். கோணல் மரத்தின் விதை எளிதில் எட்டுகிறது என்பதற்காக அதனை எடுத்தல் கூடாது. காய் தானே வெடியாதாகையால் கல்லாலோ கட்டையாலோ மெல்லத் தட்டி உடைத்து விதைகளைப் பிரிக்கலாம். அப்படியே விதைத்தால் முளைக்க இரண்டு மாதமும் ஆகும். முளைப்பும் ஒரே சீராய் இராது. விதைத்தோலை உப்புத்தாளில் தேய்த்தோ, கத்திமுனையால் ஓரத்தில் சிறிது கீறியோ, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைத்துவிடும். கீறும்போது உள்ளிருக்கும் முளையைக் காயப்படுத்தலாகாது. விதையின் மழுங்கிய பக்கத்தில் தோல் மட்டும் நீங்கினால் போதும்.

மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்து நிரப்பிய பைகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. தை, மாசியில் விதைத்த கன்றுகள் மழைக்காலத்துக்குள் நடுவதற்கு ஏற்றவையாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசியில் ஒன்றரை அடி ஆழக் குழியில் நட்டு, சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளை அடர்த்தியாய்க் கட்டவேண்டும். அம்முள்ளைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை! முதல் ஆண்டுகளில் கன்று ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்தடி வரை உயரும். நுனித் துளிர் ஒன்றே தலைமை கொள்ளும்படி, போட்டியிடும் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். கீழ்க்கிளைகளை விரற்பருமனாய் இருக்கும்போதே கூரிய கத்தியால் அடிமரத்தை ஒட்டி நீக்குக. கைப்பருமன் ஆனபின் அரிவாளால் வெட்டினால், அப்புண்ணும் அழுகலுக்கு வாயிலாகும். விதையில் பெற்ற நன்மையைக் கத்தியில் இழந்தவராவோம். எட்டுப் பத்தடி வரை அடிமரம் சுத்தமாய் எழுந்துவிட்டால், அதற்குமேல் மரம் தன் விருப்பம்போல் கிளைக்கலாம்.

இப்பணியைத் தனித்தனியே ஒவ்வொருவரும் செய்வது கடினம்; ஒரு சங்கத்தின் அங்கத்தினர் சிலர் கூடிச் செய்வது எளிது. கிணறோ கைப்பம்போ உள்ள ஒருவர் கொல்லையில் சில நூறு பைகளை அடுக்கிவைத்து, நீர் ஊற்றும் முறையைப் பங்கிட்டுக்கொண்டால் செலவு அற்பமே. நல்ல மரம் எது என்பதையும், அதன் விதையையும், ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கே நடுவது என்பது அடுத்த கேள்வி. டெல்டாவின் கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம் முதலிய கடலோரப் பகுதிகளில், நிலத்தடி நீரும் மண்ணும் உப்பேறியிருப்பதால் பல மரங்கள் தேறுவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையோர வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து நிறுத்தியது யாவரும் அறிந்தது. அத்தகைய இடத்துக்குப் பூவரசு இயற்கையாகவே உரியது. முத்துப்பேட்டைக் காயலில் அலையாத்தியும் தில்லையும் நிற்கின்றன அல்லவா? அவ்வகைச் சதுப்புக் காடுகளின் மேட்டு விளிம்பில் தானே வளரும் மரங்களுள் பூவரசும் ஒன்று. உப்புக்காற்றையும், உப்பு மண்ணையும், அவ்வப்போது காலில் நீர் தேங்குவதையும் தாங்கும். வேரூன்றியபின் கோடை வறட்சியையும் பொறுக்கும். அடர்ந்த நிழலை மட்டும் பொறுக்காது. மாமரத்தின் கீழோ தென்னை நெருக்கத்திலோ நட்டால் வெளிச்சம் தேடி வளைந்துபோம்.

மருதநிலத்துத் தாழ்ந்த வயல்களில் வரப்பு மரமாக வைக்க விரும்புவோர் நிழலைக் கணக்கிட வேண்டும். சம்பாப் பயிர் கதிர் முற்றும் ஐப்பசி முதல் தை வரையில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறான்; ஆதலின் நிழல் வடக்கே விழும். வயலின் தெற்கு வரப்பில் நட்டால் அந்நிழல் நம் கதிரின்மேலும், வடக்கு வரப்பில் நட்டால் அண்டை நிலத்தார் கதிரின்மேலும் விழும். பின்னது சச்சரவுக்கு நல்ல விதை! வடக்கு ஓரத்தில் சாலையோ, வாய்க்காலோ, களமோ இருக்குமாயின் அவ்விடமே தக்கது.

வாய்க்கால் கரையில் நடுவோர் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். மேட்டூர் அணையில் நீர் திறக்குமுன் கோடையில் ஆறு வாய்க்கால்களை எந்திரங்கொண்டு தூர்வாருகின்றனர். எந்திரம் நடக்கும் கரையில் நட்ட மரம் நிலைப்பது அரிது. மறுகரையில், மதகுக்கும் குமிழிக்கும் தொலைவில் நடுதல் வேண்டும். கரை அரசினருடையதாயின் உரிய துறையாரிடமும் ஊராட்சியிடமும் முன்னதாகவே எழுத்து மூலமான அனுமதி பெறுதல் நலம். புறம்போக்கில் மரம் வளர்த்து அனுபவிப்பதற்கு வருவாய்த் துறையார் வழங்கும் 2சி பட்டா என்பதொன்று உண்டு. அதனைக் குறித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியலாம். காகிதம் இல்லாமல் வளர்த்த மரத்தை வெட்டும்போதுதான் உரிமையைப் பற்றிய பேச்சு எழுகிறது.

மரம் வயிரம் பாயும் வரை அதனால் வருமானம் இல்லையென்று எண்ணலாகாது. ஆடு விரும்பித் தின்னும் தழை கிடைக்கிறது. வயலுக்குத் தழையெருவும் கிடைக்கிறது. நெல்வயலுக்கு ஹெக்டேருக்கு 6.25 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 2.5 டன், பசுந்தாள் அல்லது பசுந்தழை உரம் இடும்படி வேளாண்மை நூலார் கூறுகின்றனர். அவ்வளவையும் பூவரசு ஒன்றினாலேயே நிரப்புவது இயலாது. கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு, புங்கந்தழை ஆகியவற்றோடு ஒரு பங்காக இதனையும் சேர்க்கலாம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வேலியிலுள்ள பூவரசங்குழையை வெட்டி நிலத்தில் தாழ்ப்பதை நெடுங்காலமாக வழக்கமாகக் கொண்டவர்கள். பூவரச இலை தடித்ததாதலால், நடவுக்குச் சற்று முன்னதாகவே சேற்றில் மிதித்து மக்கவிடுதல் நன்று. நடவுக்கு முன் கிளை கழிப்பதனால் வயலுக்கு எருவும் கிடைக்கிறது. பயிர்மேல் விழும் நிழலும் குறைகிறது. பலகைக்காக வளர்க்கும் மரத்தில் சிறு கிளைகளை மட்டுமே கழிக்கவேண்டும். தழைக்கு வேலிப் போத்துகளை வெட்டிக்கொள்க.

தழை ஒன்றையே கருதி நடுவோருக்குப் புங்கமே மேலானது என்பது எம் கருத்து. புங்கு அவரைக் குடும்பத்தது; வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்க்கவல்லது. பூவரசுக்கு அத்திறன் இல்லை. மரமும் தழையும் ஒருங்கே வேண்டுவோர்க்கும், உப்பு நிலத்தார்க்கும் பூவரசு.

முன்னர்க் குறித்த தொல்லையை இனிச் சொல்வோம். பருத்தியின் உறவாதலால் பருத்தியின் பகைகளுக்கும் பூவரசு விருந்தளிக்கிறது. சிவப்பு உடலும் கறுப்புப் புள்ளியும் உடைய பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சி, பூவரசங்காயின் விதையை உறிஞ்சிப் பெருகும். மரத்தடியில் உதிர்ந்த காய்களின்மேல் அப்பூச்சிகள் மொய்த்துக் கிடப்பதைப் பலர் கண்டிருக்கலாம். இப்பூச்சி பருத்தியில் புகுந்தால் விதை கெடுவதோடு பஞ்சும் கறைபடுகிறது. இலைச்சுருட்டுப் புழுவும் இரண்டுக்கும் பொது. மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் வின்சென்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருத்தியைக் காப்பதற்காகவே பூவரச மரங்களை வெட்டி ஒழித்தனர். நம் டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குப்பின் மாசி முதல் நெல் தரிசில் பருத்தி போடும் ஊர்கள் பல உள. அவ்வூரார் மரத்தையே வெட்டவேண்டும் என்பதில்லை. பருத்தி வயலை ஒட்டிப் புதிதாக நடாதிருத்தலும், இருக்கும் மரத்தடியில் விழுந்த காய்களை மாசிக்கு முன் கூட்டி எரித்தலும் வேண்டும். வேலிப் போத்துகளை ஆண்டுதோறும் கழித்துவந்தால் அவை காய்க்கவே இடம் இராது. மழைக்காலத்தில் பூவரசில் கம்பளிப்பூச்சி மொய்ப்பதுண்டு. வீட்டு வாசலில் வைத்தவர் அதனால் சிறிது துன்புறுவர். மரத்துக்கு அதனால் பெருங்கேடு இல்லை.

மரத்தின் பட்டையும் காயும் சொறி, சிரங்கு முதலிய தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவத்தில் வழங்குகின்றன. அது வைத்தியர் அறியவேண்டிய துறையாதலின் இங்கு விரிக்கவில்லை. ஆனால் விதையைக் கால்நடைத் தீவனத்தில் சேர்த்தல் தகாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

வெட்டும்போது கவனிக்கவேண்டியவை சில உள. வெளிறு எனப்படும் புறக்கட்டை வெளிர்நிறமானது, பூச்சி அரிப்பது. வயிரம் மட்டுமே நீடிப்பது. ஆதலால் சுற்றளவு பெருத்துவிட்டது என்று இளமரத்தை விற்போர் தம் மரத்தின் பெரும்பகுதியை வெளிறாகவே விற்கின்றனர். விற்குமுன் அடிமரத்தின் சுற்றளவையும், முதற்கவை வரை உள்ள உயரத்தையும் தாமே அளந்து எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று தரகரிடம் விலை கேட்கவேண்டும். கண்மதிப்பில் பேசும் விலையில் இழப்பு எப்பொழுதும் விற்பவர் பக்கமே. ‘இது விதை மரம்; போத்து மரம் அன்று’ என்று நட்ட ஆண்டோடு சொல்லக்கூடியவருக்குத் தட்டிப் பார்க்கும் தரகரிடம் பேச இடம் உண்டு. சங்கத்தில் கன்று வாங்கிய அங்கத்தினர் பெயர், நட்ட இடம், ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து வைத்தல் இதற்கு உதவும்.

வெட்டிய அடிமரத்தை உடனே அறுக்காமல் சில வாரம் குளத்து நீரில் ஊறப்போட்டு, பின் எடுத்துக் காற்றோட்டமுள்ள கொட்டகையில் கட்டைகளின்மேல் இடைவெளிவிட்டு அடுக்கி உலர்த்துவது பழைய வழக்கம். நேர் வெயிலில் போட்டால் முனைகள் வெடிக்கும். முனைகளில் சாணமோ வண்ணமோ பூசிவைத்தால் வெடிப்பு குறையும். அறுக்கும் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் எரிச்சல் உண்டாக்கும். ஆதலின் வாள்பட்டறையில் வேலை செய்வோர் மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது நலம்.